சோலைக்கிளி எந்தப் பக்கத்துத் தமிழ் பாடுகிறது?

'சோலைக்கிளி' என்றதும் உங்களில் கவிதை வாசிப்பவர்களுக்குக் கல்முனைக் கவிஞர் நினைவுக்கு வருவார். மற்றவர்களுக்கு ஒரு பச்சைக்கிளியும் சிவந்த மூக்கும் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது இரண்டையும் பற்றி இல்லை. சோலைக்கிளி என்று ஒரு பறவை உண்மையாகவே இருக்கிறது. அது கிளி இல்லை, பச்சையும் இல்லை. தென்னிந்திய மலைகளின் உச்சிக் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. சுவிஸில் பிறந்து வளர்ந்த நான் அதைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் பறவை.

சிட்டுக்குருவி அளவுதான், ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். உடம்புக்குப் பொருந்தாத நீண்ட கால்கள், குட்டை வால். மேல்பக்கமும் நெஞ்சும் சாம்பல் கலந்த கருநீலம், வயிற்றின் நடுவில் வெள்ளை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடுப்பு. மரக்கிளையில் உட்கார்ந்து படத்துக்குப் போஸ் கொடுக்கும் பறவை அல்ல இது. இருட்டான காட்டுத் தரையில், ஈரச் சருகுகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும். மர ஓட்டையிலோ மண் சரிவின் பொந்திலோ பாசியும் மெல்லிய வேர்களும் சேர்த்துக் கூடு கட்டும். வெளிச்சம் முழுதாக வருவதற்கு முன்பும், போகத் தொடங்கிய பின்பும் பாடும். அதனால் அந்த மலையிலேயே வாழ்கிறவர்கள்கூட அதைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம்.

ஒரு தமிழ்ச் சொல் விஞ்ஞானப் பெயரானது

மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரம் கூடக் கூட ஒரு விசித்திரம் நடக்கிறது. மலையின் மேடுகளெல்லாம் புல்வெளியாகிவிடும். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் குள்ளமான மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். கிளைகளில் பாசி தொங்கும், உள்ளே பகலிலும் அரை இருட்டு. இந்தக் காட்டுத் துண்டுகளுக்குத் தமிழில் சோலை என்று பெயர். நாங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பூஞ்சோலை, மாஞ்சோலை என்று படித்த அதே சோலைதான். பழமுதிர்சோலை முருகன் கோயிலின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் வந்து அதை 'ஷோலா' ஆக்கினார்கள். இன்று உலகத்துக் காட்டியல் புத்தகங்களில் எல்லாம் அந்தச் சொல் உண்டு.

பறவைக்குப் பெயர் வந்த கதை இன்னும் நீளம். 1844 இல் ஜெர்டன் என்கிற ஆங்கிலேய மருத்துவர், சென்னைப் படையில் வேலை செய்துகொண்டே பறவைகளை ஆராய்ந்தவர், நீலகிரியில் கிடைத்த இந்தப் பறவையை முதன்முதலில் விவரித்து எழுதினார். அவர் அதை ஐரோப்பியத் தோட்டங்களில் திரியும் செவ்வால் குருவியின் உறவு என்று நினைத்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, தெற்கே பழனி மலைப் பக்கத்தில் இருந்த அதன் சகோதரப் பறவையை பிளான்ஃபோர்ட் விவரித்தார். பிறகு வந்தவர்கள் இரண்டையும் இமயமலையிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் 'குட்டைச்சிறகி' என்னும் கூட்டத்தில் சேர்த்தார்கள். நீண்ட காலம் அவை அந்த வீட்டில்தான் இருந்தன. நடுவில் இரண்டும் ஒரே இனம் என்றும் சொன்னார்கள். 2005 இல் வெளிவந்த தெற்காசியப் பறவைகள் கையேட்டில் ராஸ்முசெனும் அண்டர்டனும் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள்.

2017 இல் வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் அடங்கிய குழு டிஎன்ஏ முடிவுகளை வெளியிட்டது. மெல்லிய வலை கட்டிப் பறவையைப் பிடித்து, ஒரு துளி இரத்தம் எடுத்துவிட்டு, பறக்கவிட்டு, மலை மலையாக ஏறி இறங்கிச் சேர்த்த தரவுகள் அவை. குட்டைச்சிறகிகளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவே இல்லை என்று தெரிந்தது. நீல ஈப்பிடிப்பான்கள்தான் அதற்குக் கிட்டிய சொந்தம். அந்தச் சொந்தங்களிடம் இருந்தும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து, இந்த மலைகளிலேயே தனி வம்சமாக வளர்ந்த பறவை அது. எனவே புதுப் பேரினம் ஒன்று தேவைப்பட்டது. அவர்கள் வைத்த பெயர் ஷோலிகோலா, அதாவது 'சோலையில் வசிப்பது'. சோலை எங்களுடையது, 'கோலா' இலத்தீன். பொதுப் பெயரையும் ஆங்கிலத்தில் தேடாமல் 'ஷோலாகிளி' என்றே வைத்தார்கள். மலையாளத்தில் கிளி என்றால் எந்தப் பறவையும் கிளிதான்.

விவரிக்கப்பட்டு 173 ஆண்டுகள் கழித்துத்தான் அதற்குச் சொந்த வீட்டுப் பெயர் கிடைத்தது. இமிக்ரேஷன் பத்திரத்தில் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, குடும்பப் பெயரை நடுவில் செருகி, கடைசியில் யார் என்றே தெரியாமல் போன எத்தனையோ பேரை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பறவை அவர்களோடு சேர்ந்து வரிசையில் நிற்கலாம்.

பள்ளம்தான் கடல்

நீலகிரிக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று அறுந்துபோகிறது. 30, 40 கிலோமீற்றர் அகலத்துக்கு மலையே இல்லை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே ஆனைமலையும் பழனி மலையும் மூணாறும் மறுபடி எழும்புகின்றன. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய், அதைத் தாண்டினால் அகத்தியமலை.

காரில் இந்தப் பள்ளத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு மணித்தியாலம் போதும். சோலைக்கிளிக்கு முடியாது. அது 1,000 மீற்றருக்கு மேலே, பெரும்பாலும் அதையும்விட உயரத்தில், குளிர்ந்த ஈரக் காட்டில் மட்டும் வாழும். கீழே வெயில் சுடும் சமவெளி அதற்குக் கடல் மாதிரி. இதனால்தான் ஆய்வாளர்கள் இந்த மலையுச்சிகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள்.

விளைவு என்ன? கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் கர்நாடகப் பக்க மலைகளிலும் இருக்கும் சோலைக்கிளிக்கு விலாவும் அடிவயிறும் செம்பழுப்பு. தெற்கே இருக்கும் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளிக்கு அந்தச் செம்பழுப்பு இல்லை, சாம்பல்தான். செங்கோட்டைக்குத் தெற்கே இருப்பதற்கு 2017 இல் தனி இனப் பெயரே கொடுத்தார்கள். அதைத் துணையினமாகக் கணக்கு வைக்கும் பட்டியல்களும் உண்டு. ஒரே வம்சம்தான். பள்ளம் பிரித்துவிட்டது.

சுவிஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பேர்ன் நகரத்தில் நான் பேசும் ஜேர்மனுக்கும், லோட்ச்பேர்க் மலைக்கு அந்தப் பக்கம் வாலிஸ் பள்ளத்தாக்கில் பேசும் ஜேர்மனுக்கும் எவ்வளவு தூரம்! ரயில் சுரங்கத்தால் போனால் ஒரு மணித்தியாலம். ஆனால் என் வகுப்பில் வாலிஸ்காரன் ஒருவன் வேகமாகக் கதைத்தால் நாங்கள் எல்லோரும் திருதிருவென்று முழிப்போம். மனிதருக்கு மலை சுவர், பள்ளம் வீடு. சோலைக்கிளிக்கு மலை வீடு, பள்ளம் சுவர். வேறுபாடு அவ்வளவுதான்.

கோத்தகிரியில் ஏன் எனக்கு ஒரு அத்தை

இனி நான் போன காரணம்.

என் அப்பா மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு. மனிதரைக் கொழுந்து மாதிரி நிறுத்துப் பிரித்தார்கள். என் அத்தைக்குக் கல்யாணமாகியிருந்ததால் அவர் மாமா வீட்டு விண்ணப்பத்தில் போனார். அப்பா அப்பாயியின் விண்ணப்பத்தில் இருந்தார். ஒன்று இந்தியாவுக்கு, மற்றது இலங்கைக்கு. 1974 இல் தலைமன்னாரில் கப்பலேறிய அத்தை மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968 இல் அங்கே தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு, அங்கிருந்து 1989 இல் சுவிஸுக்கு. அம்மா சாவகச்சேரி. ஆகவே எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ்தான் ஆட்சிமொழி. அப்பா தன் பேச்சை எப்போதோ அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார். கோபம் வந்தால் மட்டும் மஸ்கெலியா வெளியே வரும்.

போன ஏப்ரல் விடுமுறையில் நான் கோத்தகிரி போனேன். பறவை ஆசை எனக்குப் பத்து வயதில் இருந்தே உண்டு. நீலகிரிக்குப் போகிறோம் என்றதும் பட்டியல் போட்டுக்கொண்டேன். முதல் வரியில் சோலைக்கிளி.

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. முதல் நாள் நான் வாய் திறந்ததுமே அத்தையின் மகள், என் மதினி, சிரிக்கத் தொடங்கினார்.

"என்னது, அப்பாவோட ஃபோன்ல கதைச்சியா? நீ என்ன கதையா சொன்னே?"

"கதைக்கிறது எண்டால் பேசுறது, மதினி."

"மதினின்னாவது ஒழுங்கா சொல்றியே, அதுவரைக்கும் சந்தோஷம்."

எனக்கும் ஆச்சரியம் இருந்தது. மதினி பேசுவது அத்தையின் தமிழ் இல்லை. அத்தை இன்னும் 'பெரட்டு', 'தொங்கல்' என்று மஸ்கெலியாத் தோட்டத்துச் சொற்களைப் போடுவார். மதினியின் பேச்சில் கோயம்புத்தூர் கலந்திருந்தது, சில சொற்கள் படுகர்களிடம் இருந்து வந்திருந்தன. மதினியின் மகன் பேசியது முக்கால்வாசி சினிமா. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று பேச்சு. நான் போய் நாலாவது.

அத்தைக்குத் தெரிந்த குருவி

சோலைக்கிளி தெரியுமா என்று அத்தையிடம் கேட்டேன். கிளியெல்லாம் கீழே மேட்டுப்பாளையத்துப் பக்கம்தான் என்றார். பெயர் தெரியாவிட்டால் பாட்டு தெரிந்திருக்கலாம் என்று நினைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கைத்தொலைபேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். முதலில் போட்டது வேண்டுமென்றே வேறு ஒன்று: நீலகிரி ஓடைகளில் மனிதர் போலவே விசிலடிக்கும் பெரிய கருநீலப் பறவை, சீகாரப் பூங்குயில் என்பார்கள்.

"இது ஓடைக் குருவி. வேலைவெட்டி இல்லாத பய மாதிரி விசிலடிச்சிக்கிட்டே கெடக்கும்," என்றார்.

அடுத்து சோலைக்கிளி. மேலே ஏறும் மெல்லிய விசில்கள், நடுவில் கரகரவென்று ஓர் இழுப்பு, மறுபடி விசில். அத்தை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு இன்னொரு முறை போடச் சொன்னார்.

"சங்கு ஊதுறதுக்கு முந்தி பாடுற குருவி. இது பாடினா எந்திரிச்சிருவேன். அடுப்புப் பத்த வைக்கணும்ல. எப்படி இருக்கும் அது? நான் பார்த்ததே இல்லையே."

ஐம்பது வருடமாக அவரை எழுப்பிவிட்ட பறவையை நான் அவருக்குப் படத்தில் காட்டினேன். "இத்தனூண்டா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இப்போதெல்லாம் வீட்டுப் பக்கம் கேட்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். முன்பு லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் சோலை இருந்ததாம். வந்த புதிதில் மாமாவுக்குக் கிடைத்த முதல் வேலையே அதை வெட்டுவதுதான்.

"வெட்டினது நாங்கதான்யா. நாள்கூலிக்கு வெட்டினோம். வெட்டினாத்தான் தேயிலை, தேயிலை இருந்தாத்தான் கஞ்சி. யாரு எங்களக் கேட்டா?"

இதற்கு நான் என்ன சொல்லட்டும்? காட்டை அழித்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் என் மாமாவின் கத்தியும் வரும். ஆனால் அந்தக் கத்தியை அவர் கையில் கொடுத்தது, அவரைக் கடல் கடத்தி அங்கே நிறுத்திய இரண்டு நாடுகள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை. ஓர் ஒப்பந்தம் ஒரே கையெழுத்தில் ஒரு குடும்பத்தையும் ஒரு சோலையையும் வெட்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு அன்று விளங்கியது.

இரண்டு விதமான பிரிவு

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தப் பறவையின் பாட்டைப் பற்றித் தேடி வாசித்தேன். 2016 இல் சேதனா புருஷோத்தமும் ராபினும் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. ஆறு மலைப் பகுதிகளில், 38 பறவைகளின் 835 பாட்டுகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் சுருதி, நீளம், சுரங்களின் ஒழுங்கு எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள்.

இந்த மலைகள் எல்லாம் ஒரே மாதிரிப் பிரிந்தவை அல்ல. சில, கணவாய்களால் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. வேறு சில, நேற்றுவரை சோலையால் தொடுத்திருந்து, தேயிலைக்கும் மரத்தோட்டங்களுக்கும் நடுவில் காடு வெட்டப்பட்டதால் பிரிந்தவை. பழைய பள்ளங்களின் இருபக்கமும் பாட்டு நன்றாகவே மாறியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அண்மையில் காடு வெட்டப்பட்டுத் துண்டான இடங்களுக்கு இடையிலும் பாட்டின் சில அம்சங்கள் மாறியிருந்தன.

பாடும் பறவைகள் தம் பாட்டைப் பிறக்கும்போது கொண்டுவருவதில்லை. குஞ்சாக இருக்கும்போது பக்கத்தில் பாடும் பெரிய பறவைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகும். பக்கத்துச் சோலையின் பாட்டு காதில் விழாவிட்டால், தன் சோலையில் கேட்டதை மட்டும் வைத்து மேலே போகும். உடம்பு மாற யுகங்கள் வேண்டும். பாட்டு மாறச் சில தலைமுறை போதும்.

இதை வாசித்தபோது நான் மதினியின் சிரிப்பை நினைத்தேன். எங்களில் யாருக்கு இந்த அனுபவம் இல்லை? கல்யாண வீட்டில் யாரோ ஒரு மாமா, "தம்பி, உன்ர தமிழ் ஒரு மாதிரி இருக்கு" என்பார். தமிழ்நாட்டுக்குப் போனால் "சிலோனா?" என்பார்கள். யாழ்ப்பாணம் போனால் "வெளிநாடு" என்பார்கள். மூன்று இடத்திலும் நாங்கள் பிழையாகப் பாடுகிறோம் என்பதுதான் பொருள். நீலகிரிச் சோலைக்கிளி பாடுவது பழனிச் சோலைக்கிளியின் பிழையான பாட்டு என்று எந்த ஆய்வாளரும் எழுதவில்லை. பழனிப் பாட்டுத்தான் அசல் என்றும் எழுதவில்லை. இரண்டும் ஒரே மூதாதையின் பாட்டில் இருந்து வந்தவை, அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் எங்களுக்கு ஆறுதலான கட்டுரையாக முடிந்திருக்கும். "பிரிந்தாலும் பாட்டு உண்டு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பறவையின் கதை அங்கே நிற்கவில்லை.

ராபின் குழுவினர் 2015 இல் இதே மலைகளின் பறவைகளை வைத்துச் செய்த மரபணு ஆய்வு, அண்மைக் காடழிப்பு பாட்டை மட்டும் அல்ல, பறவைகளின் மரபணுக் கலப்பையும் பாதித்திருப்பதைக் காட்டியது. துண்டுக்குத் துண்டு போக்குவரத்து நின்றால், ஒவ்வொரு சோலையிலும் உள்ளவை உள்ளுக்குள்ளேயே சோடி சேரவேண்டும். சோலை சிறுத்தால் அந்த வட்டமும் சிறுக்கும். புல்வெளியின் கதை இன்னும் மோசம். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் போய்விட்டதென்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018 இல் கணக்கிட்டார்கள். தோல் பதனிட வைத்த சீகை மரம் இப்போது யாரும் வைக்காமலே பரவுகிறது. பார்த்தால் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். ஆனால் புல்வெளியும் சோலையும் சேர்ந்ததுதான் அந்த மலை. ஒன்று போனால் மற்றதன் தண்ணீரும் போகும்.

ஆகவே நான் எடுத்துக்கொண்ட விளக்கம் இதுதான். தனியாக இருப்பது ஆபத்து இல்லை. சோலைக்கிளிகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தனித்தனி மலைகளில் தனித்தனிப் பாட்டோடு நன்றாகவே இருந்திருக்கின்றன. சிறுத்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. பாட்டு மாறுவதற்கு நான் பயப்படவில்லை. பாடுவதைக் கேட்டுப் பழகப் பக்கத்தில் இன்னொரு பறவை இல்லாமல் போவதற்குத்தான் பயப்படுகிறேன். பேர்னில் என் தமிழ் மாறட்டும். என் தங்கச்சிக்குத் தமிழில் கதைக்க என்னைத் தவிர இன்னும் நாலு பேர் இருக்கவேண்டும். அதுதான் கணக்கு.

116 ஹெக்டேயர்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. மொத்தமே 116 ஹெக்டேயர். கால்பந்து மைதானமாக எண்ணினால் ஏறக்குறைய 160. சுற்றிவரத் தேயிலையும் ஊர்களும். பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டு மரங்கள் உள்ளே பரவியபோது, விறகுக்கு வெட்டுக் கூடியபோது, ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்து வனத்துறையோடு சேர்ந்து காவல் காத்தார்கள். நாற்றுப் போட்டுச் சோலை மரங்களை மறுபடி நட்டார்கள். 2024 ஜனவரியில் அது ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பிடித்தது.

மதினியின் மகனும் நானும் அனுமதி எடுத்து, உள்ளூர்க்காரர் ஒருவரோடு விடியற்காலையில் அங்கே போனோம். தேயிலையின் ஓரத்தில் இருந்து ஓர் அடி உள்ளே வைத்ததும் வெயில் அணைந்துவிட்டது. காற்று குளிர்ந்தது, சத்தம் மாறியது. எங்கள் வழிகாட்டி ஒரு கல்லில் உட்காரச் சொன்னார். பேசாதீர்கள், தொலைபேசியில் பாட்டும் போடாதீர்கள் என்றார். முட்டையிடும் காலத்தில் பதிவைப் போட்டுக் கூப்பிட்டால், வேறு பறவை எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்து களைத்துப்போகும். இதை நீங்களும் எங்கே போனாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிடம். கழுத்தில் ஓர் அட்டை. பிறகு எங்களுக்கு இடப்பக்கம், ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால், அந்தப் பாட்டு. பதிவில் கேட்டதைவிட மெல்லியது, நிறைய இடைவெளி விட்டுப் பாடியது. கொஞ்ச நேரத்தில் மரத்தின் மேலே நீண்ட காலோடு ஒரு கருநீலம் ஏறி நின்றது. செம்பழுப்பு விலா தெரிந்தது. வாலை ஒருமுறை விரித்து மூடிவிட்டுச் சருகுக்குள் இறங்கிப் போய்விட்டது. பதினைந்து செக்கன் இருக்கும். படம் எடுக்க நான் முயற்சிக்கவே இல்லை. அந்தப் பையன் எடுத்தான், வந்தது ஒரு நீலக் கறை. அதைத்தான் அத்தை இப்போது தன் தொலைபேசித் திரையில் வைத்திருக்கிறார்.

திரும்பும் வழியில் பையன் என்னிடம், "அக்கா, உங்க ஊர்ல காலைல எது பாடும்?" என்று கேட்டான். கருங்குருவி என்றேன், மார்ச் மாதத்தில் கூரையில் இருந்து பாடும் என்றேன். அதன் பேர்ன் ஜேர்மன் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் அதைத் தமிழ்ச் சினிமா வில்லன் மாதிரி உச்சரித்தான். பரவாயில்லை, கேட்டுப் பழகினால் சரியாகிவிடும்.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இரண்டு சோலைக்கிளிகளின் பாட்டும் பறவை ஒலி சேமிக்கும் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அப்பம்மாவோ அம்மாயியோ, அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட ஊரில விடிய முதல் எந்தக் குருவி பாடும்?" பெயர் தெரியாவிட்டாலும் பாடிக் காட்டுவார்கள். அதைப் பதிவு செய்துகொண்டு வந்து எழுதி அனுப்புங்கள். எந்தப் பக்கத்துத் தமிழில் எழுதினாலும் சரி.